பழுப்பில் விழுந்த நீலப் புள்ளிகள்

என் கடையில் ஒரு சுவெட்டரைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் விலைச் சீட்டைத்தான் திருப்புவார்கள். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். போன மாதம் சீமைக்குப் படிக்கப் போகிற ஒரு பெண் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

“என்ன ஆன்ட்டி, இந்த வெலைக்கு ஒரு பிரிட்ஜே வாங்கிடலாமே!”

“வாங்கிக்கம்மா. அங்க போயி குளிருச்சுன்னா அதுக்குள்ள ஏறி உக்காந்துக்க.”

அவள் சிரித்தாள். வாங்கவும் செய்தாள். தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்கள் என் கடையில் குறைவு. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகியவள். கையெழுத்துப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிடும். ஆனாலும் மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் வரை கம்பளிப் பின்னல் என்றால் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். டிசைன் படித்த பிள்ளைகள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அடர்ந்த பழுப்பு நிறம், அதில் சாய்வாகச் சுற்றிக்கொண்டே ஏறும் நீலப் புள்ளிகள். என் கடைக்கே உரிய அடையாளம் அது. “இந்த யோசனை எப்படி வந்துச்சு?” என்று கேட்பார்கள். “வந்துச்சு” என்பேன். அதற்கு மேல் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர்தான் சரக்கு தெரிந்தவர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், எவராவது என் கண் முன்னால் ஒரு சுவெட்டரை உள்பக்கமாகத் திருப்பினால் இன்றைக்கும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

ஜப்பான்காரன் வந்து அடுத்த வருஷம் அது. காஜா பேராங் பகுதியில், பல தலைமுறையாக மலாயே பேசும் மலாக்கா செட்டித் தமிழர் ஒருவர் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மா நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய மலாயுமாக இருப்பவர். அவருடைய தமிழ் எல்லாம் சாமிக்கு மட்டும்தான், மனிதர்களுக்குக் கிடையாது. நாங்கள் முஸ்லிம்கள், தமிழ் பேசுகிறவர்கள். அதனால் எனக்கும் அவருக்கும் இடையில் மலாய்தான். நான் அவரை மாக்சிக் என்பேன், சித்தி என்கிற மாதிரி. அவர் என்னை அடேக் என்பார், தங்கச்சி என்கிற மாதிரி.

என் வீட்டுக்காரர் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில், பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கடைக்கு முன்னால் போகும் அஞ்சடி நடைபாதையில் பெட்டி வைத்துக் காலுறை, பனியன், கைக்குட்டை விற்றுக்கொண்டிருந்தார். சரக்கு வரத்து நின்றுபோன பிறகு நான் பருத்தி நூலில் பின்னிக் கொடுத்த வெள்ளைத் தொப்பிகளும் அந்தப் பெட்டிக்கு மேலே கொடியில் தொங்கும். தொழுகைக்குப் போகிறவர்கள் வாங்குவார்கள். அவர் பயந்த சுபாவம். நான் அப்படி இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பின்னல் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே கைவந்தது. ஒரு துரை வீட்டில் வேலைக்கு இருந்தபோது, அந்தத் துரைசாணி நாற்காலியில் உட்கார்ந்து கப்பல்காரர்களுக்காகக் கம்பளி பின்னுவார். நான் தரை துடைத்துக்கொண்டே பார்ப்பேன். சொல்லிக்கொடுக்க ஒருவரும் இல்லை, எனக்குத் தேவையும் இல்லை. அவர் ஒரு கை பின்னுவதற்குள் நான் இரண்டு கை பின்னிவிடுவேன். சண்டை நெருங்கியபோது, கப்பற்படையில் இருந்த அவருடைய தம்பியின் கம்பளிச் சட்டை ஒன்றை, முழங்கை கிழிந்திருக்கிறது என்று என்னிடம் தைக்கக் கொடுத்தார். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் வெளுத்த நீலம். நான் தைத்து முடிப்பதற்குள் துரையும் துரைசாணியும் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார்கள். சட்டை என்னிடமே தங்கிவிட்டது.

வெள்ளைக்காரன் பொருள் எதை வைத்திருந்தாலும் ஒப்படைக்க வேண்டும் என்று ஜப்பான்காரன் உத்தரவு போட்டான். கப்பற்படைச் சட்டை வைத்திருக்கிறவனை என்னவென்று சொல்வான்? ஒற்றன் என்பான். ஆற்றுப் பாலத்தருகில் ஒற்றர்களுக்கு என்ன நடந்தது என்று ஊரில் எல்லாரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

“எரிச்சுத் தொலையேன்,” என்றார் என் வீட்டுக்காரர்.

“கம்பளி எரிஞ்சா மயிரு கருகுற நாத்தம் வரும். அக்கம்பக்கத்துல யாருக்கும் மூக்கு இல்லன்னு நெனச்சீங்களா?”

“அப்ப ஆத்துல போட்டுடு.”

“மெதந்து அவன் வீட்டு வாசல்லயே ஒதுங்கும்.”

நான் வாயடித்தேனே தவிர, உண்மையான காரணம் வேறு. அந்தக் கம்பளியை விட எனக்கு மனம் வரவில்லை. அரிசிப் பானையில் அரிசி இல்லை. அதனால் அதன் அடியில் சட்டை இருந்தது, மேலே மரவள்ளிக்கிழங்கு.

ஒரு நாள் பகலில் ஒரு ஜப்பானிய அதிகாரி என் வீட்டுக்காரரின் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றான். கொடியில் தொங்கிய பின்னல் தொப்பிகளை இழுத்துப் பார்த்தான். பிறகு தன் வயிற்றைத் தட்டிக்காட்டி, “ஹராமாக்கி! ஹராமாக்கி!” என்றான்.

மலாக்காவில் அந்தச் சொல் எப்படிக் கேட்கும்? ஹராம் என்றால் ஆகாதது. மாக்கி என்றால் மலாயில் திட்டுவது. என் வீட்டுக்காரருக்கு அப்படித்தான் கேட்டது. வயிற்றைத் தட்டி ஹராம் என்கிறானே, பன்றிக்கொழுப்பு ஏதும் சரக்கில் இருக்கிறது என்று எவனோ சொல்லிக்கொடுத்துவிட்டானா? ஒரு கையில் காலுறையும் மறு கையில் கைக்குட்டையுமாகத் தூக்கிக் காட்டி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியிருக்கிறார்.

“ஹராம் இல்ல துவான்! ஹலால்! செமுவா ஹலால்!”

எல்லாமே ஹலாலாம். காலுறையில் ஹலால் பார்த்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்தான். பக்கத்து அஞ்சடியில் சாம்பிராணி விற்ற பெரியவர், “டேய், தலைய ஆட்டாதடா, சரக்கு இல்லன்னு சொல்றதா நெனப்பான்!” என்று அடிக்குரலில் கத்தினாராம். அதற்குள் அறை விழுந்துவிட்டது. இடது காதோடு சேர்த்து. அதன் பிறகு என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாக ஞாபகம் இல்லை. வெயிலில் முட்டி போட வைத்துவிட்டுக் கடைசியில் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர், ஒரு சீனர். அவர் மலாயில் பேசப் பேச, மாக்சிக் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ஹராமாக்கி என்பது வயிற்றுக் கச்சையாம். கம்பளியில் பின்னிய, தையல் இல்லாத ஒரு குழாய். வயிற்றில் குளிர் பட்டால் நோய் வரும் என்று ஜப்பான்காரர்கள் அதை உள்ளே போட்டுக்கொள்வார்களாம். அதிகாரிக்கு வயிறு சரியில்லை, பழைய கச்சை இற்றுவிட்டது. மொழிபெயர்க்க இவர் போய், தொப்பி பின்னியவள் யார் என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், என் மனைவிதான் என்று.

“வெள்ளிக்கிழமை அதிகாரி வேற ஊருக்குப் போறாரு,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “அதுக்குள்ள கச்சை வரணும். வந்தா உன் புருசன் வீட்டுக்கு. வரலன்னா லாரிக்கு. தூரத்துல ரயில்பாதை போட ஆள் புடிச்சு அனுப்புற லாரி, தெரியும்ல?”

தெரியும். அந்த லாரியில் ஏறியவர் ஒருவர்கூடத் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை.

அவர் என் கையில் ஒரு சணல் கயிற்றைக் கொடுத்தார். அதில் இரண்டு முடிச்சு. ஒரு முடிச்சிலிருந்து மறு முடிச்சு வரை அதிகாரியின் வயிறு.

ஊரில் கம்பளி நூல் எங்கும் கிடைக்காது. ஆனாலும் நான் நீலச் சட்டையைத் தொட நினைக்கவில்லை. அல்லாவின் மேல் ஆணையாக முதலில் வேறு வழிதான் பார்த்தேன். மாக்சிக் கோயிலுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளும் சிவப்புக் கம்பளி மேல்சட்டை ஒன்று பெட்டியில் இருந்தது. “எடுத்துக்கோ அடேக், எனக்கு வயசாச்சு, எனக்கென்ன குளிரு,” என்று மலாயில் சொல்லிக் கொண்டுவந்து கொடுத்தார். கடையில் நல்ல விலைக்கு வாங்கியதாம். பிரிக்க உட்கார்ந்தேன். பக்கவாட்டுத் தையலை எடுத்தேன், நூல் நுனியை இழுத்தேன். ஒரு முழம்தான் வந்தது, கையோடு அறுந்துவிட்டது. அடுத்த வரிசை, இன்னொரு முழம், அதுவும் அறுந்தது. மடி நிறையத் துண்டு துண்டாகச் சிவப்பு நூல். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எனக்கு அன்று புரிந்ததைத்தான் இன்று விலை கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். மலிவாகச் செய்கிறவன் கம்பளியை வெறும் துணியாகப் பின்னி, அதைக் கத்தரியால் வெட்டி, ஓரங்களைத் தைத்துவிடுவான். பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் வெட்டிய இடத்தில் ஒவ்வொரு வரிசையும் அறுந்து கிடக்கிறது. தையல் மட்டும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நல்ல பின்னலில் கத்தரிக்கே வேலை இல்லை. தோள் அகல வேண்டுமா, ஊசியில் கண்ணியைக் கூட்டு. இடுப்பு சிறுக்க வேண்டுமா, கண்ணியைக் குறை. நூல் ஒரே நூலாக, உடம்பின் உருவத்தைத் தானே எடுத்துக்கொண்டு போகும். வெளியில் பார்த்தால் தெரியாது. பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அரிசிப் பானையிலிருந்து நீலச் சட்டையை எடுத்தேன். கழுத்தில் ஒரு நூலை அறுத்து இழுத்தேன். அது வந்துகொண்டே இருந்தது. அறுபடவே இல்லை. அந்தத் துரைசாணியின் ஊரில் எவளோ ஒருத்தி கண்ணி கண்ணியாகப் போட்டதை, அதே வழியில், பின்னால் நடந்து போகிற மாதிரி நான் பிரித்துக்கொண்டே போனேன். இவ்வளவு நல்ல சரக்கு என்று மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம். அந்த நேரத்திலும். என் புத்தி அப்படி.

ஆனால் கையில் நீல நூல் பெருகப் பெருகப் பயமும் பெருகியது. எந்தச் சட்டையாக இருந்தாலும் இல்லை என்று சாதிக்கலாம். இந்த நீலத்தை வேறு யாரும் போடுவதில்லை. வெள்ளைக்காரக் கப்பல் நீலம். இதையே கச்சையாகப் பின்னி அந்த அதிகாரியின் வயிற்றில் கட்டினால், என் வீட்டுக்காரரின் தலையை நானே தட்டில் வைத்து அனுப்புகிற மாதிரி.

சாயம் போட வேண்டும். மாக்சிக்கின் தம்பி கடலுக்குப் போகிறவர். வலை இற்றுப்போகாமல் இருக்க பாக்காவ் என்னும் அலையாத்தி மரப்பட்டையை வேகவைத்த தண்ணீரில் அதை முக்குவார்கள். காபி மாதிரிப் பழுப்புச் சாயம் இறங்கும். ஒரு மூட்டைப் பட்டை பின்பக்கத்தில் இருந்தது. நூலை வளையம் வளையமாக, சிட்டம் சிட்டமாகச் சுற்றினேன். சிக்கு விழாமல் இருக்க ஒவ்வொரு சிட்டத்தையும் அங்கங்கே கட்ட வேண்டும். சாயத்துக்குப் போகிற சிட்டத்தைத் தளர்வாகக் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் சிக்கு விழுந்தால் பிரிக்க நேரமில்லை, வெள்ளிக்கிழமை வந்துவிடும். பயத்தில் ஒவ்வொரு கட்டையும் பல்லால் கடித்து இறுக்கினேன்.

கொல்லைப்புறத்தில் பானையை ஏற்றி, சிட்டங்களை உள்ளே இறக்கி, தீயை அடக்கி வைத்தேன். கொதிக்கிற தண்ணீரில் கிளறினால் கம்பளி ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு கெட்டியான கம்பளமாகிவிடும். சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

அப்போதுதான் தெருவில் பூட்ஸ் சத்தம். சோதனை. வீடு வீடாக வந்தார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, எதற்கு என்று கேட்கவும் மாட்டோம். இரண்டு சிப்பாய்கள் முன்கட்டைப் பார்த்துவிட்டு நேராகக் கொல்லைக்கு வந்தார்கள். ஒருவன் பானையைக் காட்டி ஏதோ கேட்டான். பெரிய வாயாடி நான், ஓரடி பின்னால் போனேன்.

மாக்சிக் முன்னால் வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். “ஊபாட், துவான். ஊபாட்.” மருந்து என்றார்.

சிப்பாய் மூடியைத் தள்ளினான். மரப்பட்டை வாடை குப்பென்று அடித்தது. உள்ளே கறுத்த தண்ணீரில் நூல், பார்க்க மீ நூடுல்ஸ் மாதிரி மிதந்தது. அவன் பக்கத்தில் கிடந்த விறகுக் குச்சியை எடுத்து உள்ளே விட்டான். ஒரு சுற்று சுற்றினான். ஐயோ, கிளறாதே என்று என் உள்ளுக்குள் எதுவோ கூவியது. மாட்டிக்கொள்வோம் என்பதற்கு முன்னால் நூல் கெட்டுவிடும் என்றுதான் பயந்தேன். ஒரு சிட்டம் குச்சியில் தொங்கிக்கொண்டு மேலே வந்தது.

மாக்சிக் சளைக்கவில்லை. கையைக் கூப்பிக்கொண்டு, கீழே குனிந்து, பின்பக்கத்தைக் காட்டி, தண்ணீர் மாதிரிப் போகிறது என்று சைகை செய்தார். அதற்கு எந்த ஊரிலும் ஒரே சைகைதான். சிப்பாய் குச்சியை அப்படியே உள்ளே போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனான். மற்றவன் சிரித்தான். போய்விட்டார்கள்.

“பேதி மருந்தா மாக்சிக்?” என்றேன்.

“வேற என்ன சொல்ல? வெள்ளைக்கார ராஜாவோட சட்டைன்னா?” என்றார் அவர் மலாயில். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதார். நானும்தான்.

நூல் கெட்டுப்போகவில்லை. காய்ந்ததும் சைக்கிள் கம்பிகளைக் கல்லில் தேய்த்து முனை சீவி ஊசிகளாக வைத்துக்கொண்டு பின்ன உட்கார்ந்தேன். கயிற்றளவுக்கே பின்னக்கூடாது. கம்பளி இழுத்தால் கொடுக்கும். சரியான அளவுக்குப் பின்னினால் வயிற்றில் நிற்காமல் முழங்காலுக்கு இறங்கும். அதிகாரியின் கச்சை முழங்காலுக்கு இறங்கினால் என் கதி என்ன? கொல்லையிலிருந்த வாழைமரங்களில் கயிற்றளவுக்குப் பொருந்திய ஒரு தண்டைப் பிடித்து, அதில் ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். அந்த வாழைமரம்தான் எனக்கு ஜப்பான்காரன்.

முதல் புள்ளியை அப்போதுதான் பார்த்தேன்.

பழுப்பு நூலில் ஓரிடத்தில் நகக்கண் அளவு நீலம். துடைத்தேன், போகவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னினேன், இன்னொரு நீலம். பிறகு இன்னொன்று. ஊசியைக் கீழே வைத்தேன். நான் பல்லால் இறுக்கிக் கட்டிய இடங்கள். கட்டுக்குள் சாயம் இறங்கவில்லை. பயத்தில் கட்டியதெல்லாம் அப்படியே நீலமாக நின்றுவிட்டது. சிட்டத்தில் ஒரே இடைவெளியில் கட்டியிருந்ததால், வட்டமாகப் பின்னும்போது புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து, கச்சையைச் சுற்றிப் பாம்பு மாதிரி ஏறின. ஒளிக்க முடியாது. கண் உள்ளவன் யாரும் கேட்பான், இது முன்னால் என்ன நிறம் என்று.

மறுபடி பிரித்துச் சாயம் போட நாள் இல்லை. மறுநாள் வெள்ளி. உள்பக்கம்தான் தோலோடு இருக்கும் என்று, முடிந்த புள்ளிகளை உள்பக்கமாக இழுத்து விட்டேன். பாதிதான் ஒளிந்தது.

அதிகாரியின் வீட்டுக்கு மாக்சிக்கும் கூட வந்தார். வாசலில் வணங்கிக் குனிந்து நின்றோம். முற்றத்தில் என் வீட்டுக்காரர் விறகு பிளந்துகொண்டிருந்தார். காதோரம் வீங்கியிருந்தது. நான் இருமினேன். அவர் திரும்பவில்லை. கேட்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. லாரி ஏற்கெனவே தெருவில் நின்றிருந்தது. அதில் ஆட்கள் இருந்தார்கள்.

அதிகாரி கச்சையை வாங்கினான். இரு கையாலும் இழுத்தான், விட்டான். பழைய அளவுக்குத் திரும்பியது. ஓரத்தை விரலால் தடவித் தையலைத் தேடினான். தையல் இல்லை. மடித்துக் கன்னத்தில் வைத்தான். பிறகு உள்பக்கத்தைத் திருப்பினான்.

நான் ஒளித்த புள்ளிகள் எல்லாம் மேலே வந்துவிட்டன.

அவன் ஒரு நீலப் புள்ளியில் விரல் வைத்தான். அடுத்ததில் வைத்தான். அதற்கடுத்ததில். விரல் அந்தச் சாய்வு வழியே ஏறிக்கொண்டே போனது. பிறகு சொன்னான்.

“காசுரி.”

எனக்குக் கேட்டது காசார். மலாயில் காசார் என்றால் முரடு, மட்டம். முடிந்தது, மட்டமான சரக்கு என்கிறான், என்று நினைத்தேன். “துவான், இன்னொன்னு பின்னித் தரேன், துவான்,” என்று எந்த மொழியில் உளறினேன் என்று எனக்கே தெரியாது. அதிகாரி மறுபடியும் அழுத்தமாக, “காசுரி!” என்றான். முற்றத்தைப் பார்த்தேன், லாரியைப் பார்த்தேன்.

மொழிபெயர்ப்பாளர்தான் என்னைப் பார்த்து, “ஏன் அழுற? நல்லா இருக்குன்னு சொல்றாரு,” என்றார்.

நூலை அங்கங்கே இறுக்கிக் கட்டிச் சாயம் போட்டு, கட்டிய இடம் மட்டும் வேறு நிறத்தில் நிற்கும்படி செய்வது அவர்கள் ஊரில் ஒரு பெரிய வேலைப்பாடாம். அதற்குப் பெயர்தான் காசுரி. அதிகாரியின் வீட்டில் பெண்கள் அந்தத் துணிதான் உடுத்துவார்களாம். மலாயாவில் இதை யார் உனக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்கிறார் என்றார்.

யாரும் இல்லை என்று சொன்னேன். வாழ்க்கையில் அந்தப் பதிலைப் பெருமை இல்லாமல் நான் சொன்னது அன்று ஒரு நாள்தான். நூல் எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்டுவிடுவானோ என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சட்டைப் பொத்தானை அவிழ்த்து, அங்கேயே, எங்கள் முன்னாலேயே கச்சையைப் போட்டுக்கொண்டான். வயிற்றில் அழகாக நின்றது. என் கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை. சண்டையில் அவன் எதிர்த்து நின்ற கப்பற்படையின் நூல் அது.

என் வீட்டுக்காரரை விட்டார்கள். லாரி போய்விட்டது. ஜாலான் துக்காங் எமாஸ் வழியாக நாங்கள் மூவரும் வேகமாக நடந்தோம். அந்தத் தெருவிலேயே இருக்கும் பிள்ளையார் கோயில் முன்னால் மாக்சிக் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் வீட்டுக்காரர் பள்ளிவாசலைப் பார்த்து நின்றார். அப்போதுதான் அவர் வாய் திறந்தார்.

“என்ன புள்ள, கடைசியில அது ஹராமா, ஹலாலா?”

“ஹலால்தாங்க. செமுவா ஹலால்.”

“ஆ?”

இடப்பக்கம் நின்று சொன்னதால் அவருக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் காதில் ஒன்றும் கேட்டதே இல்லை. அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை நான் அவருக்கு வலப்பக்கமே நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த நீல நூலையும் பெயர்த் துண்டு தைத்திருந்த கழுத்துப் பட்டையையும், அளவு பார்த்த அந்த வாழைமரத்தடியில் ஆழமாகப் புதைத்தேன். ஜப்பான்காரன் சரணடையும்வரை அந்தப் பக்கம் கோழி கிளறினால்கூட ஓடிப்போய் விரட்டுவேன்.

பிறகு நான் எப்படி வளர்ந்தேன், கடை எப்படி வந்தது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். இன்று என் பட்டறையில் வேலை செய்கிற பெண்கள் சிட்டத்தைக் கட்டும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். தளர்வாகக் கட்டினால் புள்ளி விழாது. அவர்கள் கட்டுவது சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் எனக்குத் திருப்தி வராது. “இன்னும் இறுக்கு,” என்பேன். “பல்லால கடிச்சு இறுக்கு.” அவர்கள் சிரிப்பார்கள்.

விலை அதிகம் என்கிறவர்கள் ஒரு சுவெட்டரை எடுத்து உள்பக்கம் திருப்பிப் பார்க்கட்டும். தையல் தேடட்டும், இழுத்துப் பார்க்கட்டும், வேண்டுமானால் பிரித்துக்கூடப் பார்க்கட்டும். நூல் அறுபடாமல் கடைசிவரை வரும். நான் மட்டும் அந்த நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் போய், வேறு எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொள்வேன்.